ஒரு மாத்திரை

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்வாள் என்பது பாதிக் காரணம். சொன்னதை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டாள் என்பது மீதிக் காரணம். அந்த இரண்டாவது அர்த்தம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும், யாராவது "அகராதியைக் கேளுங்க" என்று சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போவாள்.

சுகாதாரத் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மொழிப்பிரிவு இருந்தது. தலைமையகத்திலிருந்து இந்தியில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. கல்லூரியில் சமஸ்கிருதம் படித்தவள். அதற்குப் பிறகு தபால் வழியாக இந்தித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறியவள். இந்தியை மளமளவென்று படிப்பாள், எழுதுவாள். பேசியது மட்டும் கிடையாது. எதிரில் பேச ஆளும் இல்லை, அதற்கான தேவையும் பதினெட்டு வருடத்தில் வரவில்லை.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் அவள்தான் பாடம் எடுப்பாள். தெரியாத சொல் ஒன்றும் செய்யாது, அகராதியைப் புரட்டிப் பார்த்துவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பாள். சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் போன சொற்களைப் பலகையில் எழுதிப் போடுவாள். இந்தியில் 'அவசர்' என்றால் வாய்ப்பு, நமக்கு அவசரம். அங்கே 'உபன்யாஸ்' நாவல், இங்கே உபந்நியாசம் சொற்பொழிவு. 'சன்சார்' என்றால் உலகம், நம் வீட்டில் இருக்கும் சம்சாரம் இல்லை என்று அவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். "கூடப்பிறந்ததுங்கதான். ஆனா வேற வேற வீட்டுல வளர்ந்ததுங்க. முகஜாடையைப் பார்த்து ஏமாறாதீங்க" என்று முடிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

கொசுக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த மாதம் அது. மாவட்டம் முழுக்கப் பத்தொன்பது சுகாதார நிலையங்களில் ஒரே நாளில் தடுப்பு மருந்து கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. நர்சுகளுக்கான துண்டறிக்கையை அவள்தான் தமிழாக்கினாள். போன வெள்ளிக்கிழமை, அச்சகத்து ஆள் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தது.

அவள் நாத்தனாரும் ஒரு நர்ஸ்தான். கல் குவாரிக் குடியிருப்பில் வேலை, இவர்களோடுதான் இருந்தாள். புதன் காலை எட்டு மணிக்கே கிளம்பி நின்றாள். குவாரிக்குப் போகும் தாய்மார்கள் ஒன்பதரைக்கு மேல் அகப்பட மாட்டார்கள் என்பதால், மற்ற இடங்களில் பத்து மணி என்றால் அவள் ஒன்பதுக்கே தொடங்குவதாக இருந்தாள். செருப்பை மாட்டியபடி துண்டறிக்கையை நீட்டிக் கேட்டாள்.

"அண்ணி, இதுல அஞ்சு வயசுக்கு மேல இருக்கிற பசங்களுக்கும் ஒரு மாத்திரைன்னு இருக்கு, அதுக்குக் கீழ இருக்கிறதுங்களுக்கும் ஒரு மாத்திரைன்னு இருக்கு. பல்லு முளைக்காததுக்கும் அதே ஒண்ணுதானா?"

இவள் அப்போது புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலையை நிமிர்த்தாமலே, "எல்லாம் டாக்டருங்க பார்த்து எழுதினதுதானே. போட்டிருக்கிறபடி குடு" என்றாள்.

"நீங்க சொன்னா சரி" என்று அவள் போய்விட்டாள்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி அரிக்க ஆரம்பித்தது. பெரியவர்களுக்கு இரண்டு, பையன்களுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் ஒன்று. ஒன்று என்றால் எதற்கு இரண்டு வரியாக எழுத வேண்டும்? ஒரே வரியில் போட்டிருக்கலாமே. மூலத்தை எழுதிய டாக்டருக்கு அவ்வளவு பொழுது போகவில்லையா? அவள் அந்த வரியின் இந்தியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. தமிழ்தான் வந்தது.

மூன்று மாடி ஏறி, பையைக்கூட வைக்காமல் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள். பெரியவர்களுக்கு 'தோ கோலி'. ஐந்து முதல் பதினான்கு வரை 'ஏக் கோலி'. கோலி என்றால் மாத்திரை. அதில் குழப்பம் இல்லை. ஐந்துக்குக் கீழே, தெளிவான அச்சில், 'ஏக் மாத்ரா' என்று இருந்தது.

மாத்ரா என்றால் அளவு. ஒரு வேளைக்கான மருந்தின் அளவு. எவ்வளவு என்பதை இணைப்பில் பார்க்கவும் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இணைப்பு டாக்டர்களுக்கு மட்டும் என்பதால் அது மொழிபெயர்ப்புக்கே வரவில்லை, கோப்பின் அடியில் கட்டியபடி கிடந்தது. நூல் பிரியவில்லை, பல்லால் இழுத்தாள். மாத்திரையில் கால் பங்கு, பொடித்து, ஒரு கரண்டித் தண்ணீரில்.

கால் மாத்திரை கொடுக்க வேண்டிய குழந்தைக்கு ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தாள். நாலு மடங்கு.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று. அளவு என்ற பொருள் தமிழிலேயே இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் கண் அந்தச் சொல்லைப் பார்த்து, தெரிந்த முகம் என்று உள்ளே விட்டுவிட்டது. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபத்தைந்து காட்டியது.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். வேலை நேரத்தில் போனைப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவது அவள் வழக்கம்.

கோப்போடு பிரிவு அலுவலரிடம் ஓடினாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் வெளுத்துத்தான் போனது, ஆனால் பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. துண்டறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தார். ஐயம் எழுமிடத்து இந்தி மூலமே இறுதியானது.

"நம்ம மேல வராதும்மா. சட்டப்படி நாம சேஃப்" என்றார்.

"நர்சுங்களுக்கு இந்தி தெரியாது சார்."

திருத்தம் வெளியிட வேண்டுமானால் துணை இயக்குநர் கையெழுத்து வேண்டும், அவர் தொடக்க விழாவுக்குப் போயிருக்கிறார், பதினொன்றரைக்கு வந்துவிடுவார், அதற்குள் வாசகத்தைத் தயார் செய்துவிடலாம் என்றார் அலுவலர். நல்ல மனிதர்தான். வீட்டில் பேரன் பேத்தி இருக்கிறவர். ஆனால் பத்து மணிக்கே எல்லா இடத்திலும் மருந்து கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூலத்தை எழுதிய திட்ட மருத்துவரின் எண் முகப்புக் கடிதத்தில் இருந்தது. வடக்கேயிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தமிழ் ஒரு சொல் தெரியாது என்று கேள்விப்பட்டிருந்தாள். அவரிடம் இந்தியில்தான் பேச வேண்டும். எழுத்தில் எத்தனையோ வாக்கியம் கட்டியவளுக்கு, எதிர்முனையில் "ஹலோ" என்ற குரல் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் வாயிலிருந்து வந்தது சுற்றறிக்கை இந்தி. தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுவது யாதெனில், என்கிற மாதிரி. அவர் ஓடும் வண்டியில் இருந்தார். யார், என்ன வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்று படபடத்தார். பாதி புரிந்தது, பாதி காற்றில் போனது. இலக்கணம், மரியாதை எல்லாவற்றையும் உதறிவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். சின்னக் குழந்தை. தமிழ்த் தாள். தப்பு. என் தப்பு. மாத்ரா என்ற இடத்தில் கோலி. கால் கோலி இல்லை, முழுக் கோலி.

மறுமுனையில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

"ரோக் தோ" என்றார் அவர். "ஸப் ரோக் தோ." நிறுத்துங்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அது நன்றாகவே புரிந்தது. உத்தரவு தன்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். கொடுத்துவிட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்ன நீளமான பதிலில் அவளுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். 'ஸான்ஸ்'. மூச்சு.

டைப்பிஸ்ட் அக்கா அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். மொழிப்பிரிவில் இவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. என்ன ஏது என்று கேட்கவில்லை. சுகாதார நிலையங்களின் பட்டியலை நடுவில் கிழித்து, "மேல இருக்கிறது உனக்கு, கீழ இருக்கிறது எனக்கு" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனாக எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். அஞ்சு வயசுக்குக் கீழே யாருக்கும் எதுவும் கொடுக்காதீங்க, டாக்டர் உத்தரவு. சில இடத்தில் உடனே புரிந்துகொண்டார்கள். ஒரு நர்ஸ் எழுத்தில் வந்தால்தான் நிறுத்துவேன் என்றாள். டைப்பிஸ்ட் அக்கா அவளிடம், எழுத்தில் வந்ததால்தான் இந்தக் கதி, பேசாமல் மூடி வை என்று அதட்டினாள். இன்னொரு இடத்தில் எதிர்க்கடைக்காரரைப் பிடித்து, ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னார்கள். பத்து மணிக்குள் பதினெட்டு இடத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

பத்தொன்பதாவது குவாரிக் குடியிருப்பு. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கீழே மருந்துக் கிடங்கு ஜீப் நின்றது. டிரைவருக்கு அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கும் தைரியம்கூட வராதபடி அவள் முகம் இருந்திருக்க வேண்டும். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அரை மணி நேரப் பாதை. அவளுக்குத் தெரிந்த அத்தனை சொல்லும் மண்டையில் முட்டி மோதின, ஒன்றுக்கும் பொருள் இல்லை. நாத்தனார் இரண்டாவது முறை யோசித்திருப்பாள், சந்தேகம் வந்தவள்தானே, கொடுத்திருக்க மாட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. நீங்க சொன்னா சரி என்றுவிட்டுப் போனாளே என்றது இன்னொரு மனம்.

சுகாதார நிலையத்தில் கூட்டம் கலைந்திருந்தது. நாத்தனார் வாளித் தண்ணீரில் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணியை அங்கே பார்த்ததும் எழுந்து நின்றாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள்ளேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எத்தனை பேருக்குக் குடுத்தே?"

"ஏழு. பொடிச்சுக் குடுத்தேன், முழுங்காதுங்கன்னு." பிறகு மெல்லக் கேட்டாள், "எவ்வளவு குடுத்திருக்கணும்?"

"கால்."

நாத்தனார் அழவில்லை, கத்தவில்லை. பதிவேட்டை எடுத்து ஏழு பெயரையும் ஒரு தாளில் எழுதினாள், பாதியைக் கிழித்து அண்ணியிடம் கொடுத்தாள். "அந்த வரிசை நீங்க, இந்த வரிசை நான்."

தகரக் கூரை வீடுகள். தாய்மார்கள் பலர் குவாரிக்குப் போய்விட்டார்கள், குழந்தைகள் அக்கம்பக்கத்தில் கிடந்தன. ஒரு குழந்தை மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும் அது இவள் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அந்த அழுகை அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது குழந்தை வாசற்படியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தட்டினாள், தாய் குவாரிக்குப் போயிருக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திறந்து, விரலை உதட்டில் வைத்து, இப்பதான் தூங்குது என்றாள்.

பதினோரு மாதப் பெண் குழந்தை. ஏழு பேரில் அதுதான் சின்னது. எழுப்பினார்கள். எழவில்லை. கன்னத்தைத் தட்டினார்கள், இமை லேசாகத் திறந்து மறுபடி மூடிக்கொண்டது. இவள் காதைக் கொண்டுபோய் அதன் மூக்கருகில் வைத்தாள். மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வர நேரமானது. எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியாது. ஏழு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்ட ஜீப் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காதை அங்கிருந்து எடுக்கவேயில்லை.

கிளம்பும்போதே நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தாள்; வடக்கேயிருந்து வந்த அந்தத் திட்ட டாக்டர் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தார். சின்னதை உள்ளே கொண்டுபோனார்கள். குவாரியிலிருந்து தாய்மார்கள் தலையில் கல்தூசியோடு ஓடிவந்தார்கள். அவர் இந்தியில் ஏதோ சொன்னார். அவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் இவளைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்கு மேல் பயந்தது அவள் வாழ்நாளில் இல்லை. டாக்டர் ஒரு வாக்கியம் சொல்வார். அதை வாய்க்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்து, அவரிடமே திருப்பிக் கேட்டு, பிறகுதான் தமிழில் சொல்வாள். ஒரு இடத்தில் அவர் 'உப்சார்' என்றார். அவளுக்கு நாக்கு நுனிவரை உபசாரம் வந்துவிட்டது. கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அது சிகிச்சைதானே, மருத்துவம்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அவருக்கும் பயம்தான். கால் கோலி என்றே நான் எழுதியிருக்கலாம் என்று இடையில் ஒருமுறை சொன்னார். அதை அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

மதியம் மூன்று மணிக்குள் ஆறு குழந்தைகள் தெளிந்துவிட்டன. ஒன்று பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தது. சின்னது மட்டும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு கிடந்தது. அதன் அம்மா தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க டாக்டரம்மாவா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆமாம் என்று சொல்லவும் தோன்றியது, இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவும் தோன்றியது. "இல்லம்மா. நர்சுக்குக் குடுத்த தாள்ல அளவைத் தப்பா எழுதினது நான்தான். நர்ஸ் மேல தப்பில்ல."

அந்தப் பெண் திட்டுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று காத்திருந்தாள். அவளோ புரியாதவள்போல் பார்த்தாள். "தாளா? எனக்குப் படிக்க வராதுங்க. நர்சக்கா குடுத்தாங்க, நான் வாயைத் திறந்து பிடிச்சேன்." கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி, "துப்பப் பார்த்துச்சு. நான்தான் மூக்கைப் பிடிச்சுக் குடிக்க வச்சேன்" என்றாள். பிறகு முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

இவள் இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்து சொன்ன செய்தியை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து ஓடினாள். இவள் சுவரில் சாய்ந்தபடி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணை வந்தது. விளக்கம் கேட்டு இவளுக்கும் நாத்தனாருக்கும் தனித்தனியாகக் கடிதம். நாத்தனார், அச்சிட்ட தாளின்படி கொடுத்தேன் என்று ஒரே வரி எழுதி முடித்தாள். காலையில் அண்ணியிடம் கேட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவள் தன் விளக்கத்தில் அதையும் எழுதினாள்: நர்ஸ் என்னிடம் சந்தேகம் கேட்டார், நான் தாளைப் பார்க்காமலே பதில் சொன்னேன். பிரிவு அலுவலர் அதைப் படித்துவிட்டு, கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறாய், இந்த வரியை எடுத்துவிடு, மூலமே இறுதியானது என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எவ்வளவோ சொன்னார். அவருடைய அக்கறை உண்மையானதுதான். ஆனால் அவள் எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு அவளை ஆறு மாதம் பதிவறைக்கு மாற்றினார்கள். வேலையே போய்விடும் என்று பயந்திருந்தவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் சரியாகப் பேசிப் பத்து நாளானது. கோபமாகப் பேசியிருந்தாலாவது தேவலை. சாப்பாடு எடுத்து வைப்பாள், போய்விடுவாள். நடுவில் நின்ற இவள் புருஷன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி வைத்துக்கொள்வான். பதினோராம் நாள் நாத்தனாரே வந்து, மறுபடி முகாம் வைக்கிறார்கள், எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று கேட்டாள். இவள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

இந்த முறை துண்டறிக்கையில் நாலாக வெட்டிய மாத்திரையின் படம் போட்டிருந்தார்கள். டாக்டர் தன் கையால் வரைந்த படம். இவள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நாத்தனார் வெட்டி வைக்கும் ஒவ்வொரு துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் எதிர்பார்த்ததில் பாதிப் பேர்கூட இல்லை.

சின்னக் குழந்தையின் அம்மாவும் வந்திருந்தாள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மருந்து வாங்கவும் வரவில்லை. வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணிடமும், "எவ்வளவுன்னு கேட்டுட்டுக் குடுங்க. ரெண்டு தடவை கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் கேட்டார்கள். நாத்தனார் ஒவ்வொரு முறையும் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சிலர் அவளிடம் கேட்டுவிட்டு, திரும்பி ஸ்டூலில் இருந்தவளையும் பார்த்துக் கேட்டார்கள்.

"கால்தான்" என்றாள் இவள், ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு.